நின்ற காரில் சாகும் பேட்டரி

காலை ஏழரை மணி. பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளை பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாயிற்று. பட்டனை அழுத்தினால் டாஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரிகின்றன. இன்ஜின் பக்கம் 'டக் டக் டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. செல்ஃப் எடுக்கவில்லை. "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!" பேட்டரி கடைக்காரர்கள் தினமும் கேட்டுப் பழகிப்போன புலம்பல் இது.

உண்மையில் அது நேற்றும் நன்றாக இல்லை. பல மாதங்களாகவே தேய்ந்துகொண்டிருந்தது. பழைய அம்பாசிடரிலும் மாருதி 800-லும் பேட்டரி சாவதற்கு முன்னால் நோட்டீஸ் கொடுக்கும். செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும், ஹாரன் கம்மும், சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்கும். இரண்டு பேர் தள்ளிவிட்டால் வண்டி கிளம்பியும் விடும். இன்றைய காரில் கணினி எரிபொருளை அளந்து தெளிக்கிறது. இன்ஜின் அரை நொடி, ஒரு நொடிக்குள் பற்றிக்கொள்கிறது. அந்த ஒரு நொடிக்குப் போதுமான தெம்பு பேட்டரியில் மிச்சம் இருக்கும்வரை உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. வோல்டேஜ் ஒரு எல்லைக்குக் கீழே விழும் காலையில் கணினியே மயங்கிவிடுகிறது. ஆட்டோமேட்டிக் கியர் என்றால் தள்ளியும் கிளப்ப முடியாது. ரிமோட் சாவியை நம்பி இருப்பவர்களுக்குக் கதவே திறக்காமல் போகலாம். பெரும்பாலான ரிமோட்டுகளுக்குள் சின்ன இரும்புச் சாவி ஒன்று செருகப்பட்டிருக்கும். அதை எப்படி உருவுவது, கதவில் எந்த இடத்தில் நுழைப்பது என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்யும் இரவில், செல்போன் வெளிச்சத்தில் அதைக் கற்றுக்கொள்வது கொடுமை.

தூங்காத கார்

காரைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விடுகிறோம். கார் முழுதாகத் தூங்குவதில்லை. சாவி பக்கத்தில் வருகிறதா என்று ஒரு ரிசீவர் கவனித்துக்கொண்டே இருக்கிறது. திருட்டு அலாரம் விழித்திருக்கிறது. செல்போன் ஆப்பில் காரின் இருப்பிடம் காட்டும் வசதி இருந்தால், உள்ளே ஒரு சிம் கார்டு அவ்வப்போது டவரோடு பேசுகிறது. இத்தனைக்கும் சேர்த்து 50 மில்லி ஆம்பியர் வரை போவது சாதாரணம் என்று மெக்கானிக்குகள் கணக்கு வைத்திருக்கிறார்கள். கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். வீட்டு மாடித் தொட்டியில் சொட்டும் குழாய் மாதிரிதான் இது: மோட்டார் தினமும் ஓடினால் தெரியாது, ஊருக்குப் போய்விட்டு வந்தால் தொட்டி காலி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியர் என்பது ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர். சின்ன பெட்ரோல் கார்களில் இருப்பது சுமார் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. புத்தம் புதிதாக, முழு சார்ஜில் இருந்தாலும் இரண்டு வாரத்தில் பாதி காலி. மூன்று வருடம் ஓடிக் களைத்த பேட்டரிக்கு அந்த இரண்டு வாரம்கூடத் தாங்காது. இதன்மேல் டேஷ்கேமை நேராக பேட்டரியில் இருந்து இழுத்து மாட்டியிருப்பார்கள்; ஜிபிஎஸ் டிராக்கர் ஒன்று, வெளியே வாங்கிப் போட்ட ஆம்ப்ளிஃபையர் ஒன்று என்று சேர்ந்துகொண்டே போகும். புது பேட்டரி மாட்டியும் ஒரு மாதத்தில் மறுபடி டவுன் ஆகிறது என்றால் பேட்டரியைத் திட்டுவதற்கு முன்னால் இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்தக் கணக்கு நாடு முழுக்க ஒரே நேரத்தில் நிரூபணமானது. வாசலில் நின்றே கிடந்த கார்கள் தளர்வு வந்த அன்று கிளம்பவில்லை. அன்று ஊருக்கே நடந்தது, இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். திருச்சியிலோ நாகர்கோவிலிலோ அப்பாவும் அம்மாவும் மட்டும். போர்ட்டிகோவில் உறை போர்த்திய கார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஒரு நாளுக்காகத்தான் அந்தக் காரே அங்கே நிற்கிறது. அந்த நாளில்தான் அது கிளம்பாது.

அவர்களுக்குப் பிள்ளைகள் போனில் சொல்லும் யோசனை, "வாரத்துக்கு ஒருதரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்கப்பா." அக்கறையோடு சொல்வதுதான், ஆனால் பலன் மிகக் குறைவு. ஒரு வாரத்தில் கசிந்து போனது 8.4 ஆம்பியர்-ஹவர். அதை ஐந்து நிமிடத்தில் திருப்பி நிரப்ப வேண்டுமானால் 100 ஆம்பியர் பாய வேண்டும். நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும் இன்ஜினின் ஆல்டர்னேட்டர் அவ்வளவு தராது. தந்தாலும் ஈயப் பேட்டரி அந்த வேகத்தில் உள்வாங்காது. கடைசி இருபது சதவிகிதம் நிரம்ப மணிக்கணக்காகும். செய்ய வேண்டியது வேறு. வாரத்துக்கு ஒருமுறை அரை மணி, முக்கால் மணி நேரம் பைபாஸில் ஓட்டிவிட்டு வர ஆள் இருந்தால் நல்லது. ஆள் இல்லையென்றால், சுவர் பிளக்கில் மாட்டி பேட்டரியின் நிலையைப் பார்த்துத் தானே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும் சின்ன சார்ஜர்கள் கிடைக்கின்றன; மூடிய போர்ட்டிகோ இருக்கும் வீடுகளுக்கு அதைவிடச் சரியான வழி கிடையாது. மாதக்கணக்கில் கார் எடுக்கவே போவதில்லை என்றால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிடலாம். அதற்கு முன் காரோடு வந்த கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெயிலின் கணக்கு

இந்த பேட்டரிப் பெட்டிக்குள் இருப்பது மிகப் பழைய விஷயம். ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் மூழ்க வைத்து, சார்ஜ் ஏற்றி இறக்கக்கூடிய பேட்டரியை பிரான்சின் காஸ்டன் பிளான்டே செய்தது 1859-ல். 1912-ல் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ஃப் ஸ்டார்ட்டர் கேடிலாக் கார்களில் வந்த பிறகு இன்ஜினைக் கிளப்பக் கைப்பிடி சுழற்றுவது மெல்ல மறைந்தது. காரில் எல்லாமே மாறிவிட்டன. அந்த ஈயமும் அமிலமும் மாறவில்லை. சார்ஜ் இறங்கும்போது தகடுகளில் லெட் சல்ஃபேட் படிகிறது, ஏறும்போது கரைந்துவிடுகிறது. சார்ஜ் இறங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் விட்டுவிட்டால் அந்தப் படிவு இறுகிப் பளிங்காகிவிடும். பிறகு கரையாது. தகட்டின் அந்தப் பகுதி செத்தது செத்ததுதான். அதனால்தான் ஒரே ஒருமுறை முழுசாக டவுன் ஆன பேட்டரிகூடப் பழைய பலத்துக்குத் திரும்புவதில்லை.

வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்தால் பேட்டரிக்கு எதிரி பனிக்காலம் என்று இருக்கும். நம் ஊருக்கு அது பொருந்தாது. பேட்டரியை உண்மையில் அரிப்பது வெப்பம். குளிர் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். பேட்டரியின் ஆயுள் 25 டிகிரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதற்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது துறையில் உள்ளவர்களின் கணக்கு. மே மாதம் கத்திரி வெயிலில், போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து வந்து நிறுத்திய காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள். முகத்தில் அடிக்கும் அனலே சொல்லும். அமிலத்தில் உள்ள நீர் வற்றுகிறது, பாசிட்டிவ் தகட்டின் சட்டம் அரிக்கப்படுகிறது. கோடையில் சென்னையில் இப்படித் தேய்ந்த பேட்டரிதான் டிசம்பரில் ஊட்டிக்குப் போன இடத்தில், அதிகாலைக் குளிரில் கையை விரிக்கிறது. பழி ஊட்டி மேல் விழும்.

பல கார்களில் பேட்டரியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு துணி உறையோ பிளாஸ்டிக் தடுப்போ இருக்கும். சர்வீஸின்போது கழற்றிவிட்டு, "இது சும்மா சார், தேவையில்ல" என்று ஓரமாகப் போட்டுவிடுவார்கள். தேவை. இன்ஜினின் அனலைத் தடுக்கத்தான் காரைச் செய்தவர்கள் அதை வைத்திருக்கிறார்கள். திரும்ப மாட்டச் சொல்லி வாங்குங்கள்.

மீட்டர் சொல்லும் உண்மை

சில நூறு ரூபாய்க்கு எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒவ்வொரு கார் வீட்டிலும் இருக்க வேண்டும் என்பேன். இரவெல்லாம் நின்ற கார். காலையில் ஓட்டுவதற்கு முன் பானெட்டைத் திறந்து, கதவுகளைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு முனை பாசிட்டிவில், கறுப்பு முனை நெகட்டிவில். 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். முக்கால் வோல்ட்டுக்குள் ஒரு பேட்டரியின் வாழ்வும் சாவும் அடங்கிவிடுகிறது. "பன்னெண்டு வோல்ட் பேட்டரியில பன்னெண்டு காட்டுது, நல்லாத்தான் இருக்கு" என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. மீட்டர் முனைகளை எடுக்காமல், இன்னொருவரைக் காரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். எண்ணிலேயே கண் வைத்திருங்கள். 12.6 சட்டென்று சரியும். நல்ல பேட்டரி பத்தரை, பதினொன்று அருகே நின்று மீண்டுவிடும். 9.6-க்குக் கீழே போனால், இன்று கார் கிளம்பியிருந்தாலும், அந்தப் பேட்டரியை நம்பி நெடும்பயணம் போகாதீர்கள். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. புதிய கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டரையும் கணினிதான் ஆட்டி வைக்கிறது. பெட்ரோலை மிச்சப்படுத்த, பேட்டரி நிறைந்திருக்கும்போது சார்ஜைக் குறைத்து, பிரேக் பிடித்து வேகம் குறையும்போது கூட்டிக்கொடுக்கும். ஆக, ஓடும் இன்ஜினில் மீட்டர் 12.5 என்று காட்டினாலும் உடனே பயந்துவிட வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எண் ஏறும். இதைத் தெரியாமல் நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாற்றச் சொல்லும் கடைகள் இருக்கின்றன. அதைவிட ஆபத்தானது, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி "சார்ஜ் வருதா பார்ப்போம்" என்கிற பழைய வழக்கம். டைனமோ காலத்து வண்டியில் அது செல்லுபடியானது. இன்று அப்படிக் கழற்றினால் ஒரு கணம் வோல்டேஜ் பல மடங்கு எகிறும். பேட்டரி என்பது அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் மெத்தையாகவும் இருக்கிறது. அதை உருவிவிட்டால் அடி விழுவது கணினிகள் மீது. யாராவது ஸ்பேனரோடு ஓடும் இன்ஜினை நெருங்கினால் தைரியமாகத் தடுங்கள்.

மீட்டரைத் தொடும்போதே டெர்மினலையும் பார்த்துவிடுங்கள். வெள்ளையாகவோ பச்சை கலந்த நீலமாகவோ பூத்திருந்தால், பேட்டரியில் உயிர் இருந்தும் செல்ஃபுக்குக் கரண்ட் போகாது. டெர்மினலைக் கழற்றி, ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கலந்து பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். துடைத்து, உலரவிட்டு, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்; பூத்திருப்பது அமிலத்தின் மிச்சம். கையால் திருகினால் டெர்மினல் அசைகிறதா என்றும் பாருங்கள். "பேட்டரி போச்சு" என்று ஐயாயிரம் ரூபாய் செலவழித்த பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர்தான். மேலே மூடி திருகும் பேட்டரி என்றால் உள்ளே ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். குழாய்த் தண்ணீரும் கேன் தண்ணீரும் கூடாது; அவற்றில் உள்ள தாதுக்கள் தகட்டைக் கெடுக்கும்.

எந்த பேட்டரி?

சிக்னலில் நின்றால் இன்ஜின் தானே அணைந்து, கிளட்சை மிதித்தாலோ பிரேக்கை விட்டாலோ உயிர்பெறும் வசதி இப்போது சாதாரண கார்களிலும் வந்துவிட்டது. அண்ணா சாலையின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குப் போவதற்குள் செல்ஃப் எத்தனை முறை சுற்ற வேண்டும்! அணைந்த நேரத்திலும் ஏசி பேன், விளக்கு, பாட்டு எல்லாவற்றையும் பேட்டரிதான் சுமக்கிறது. சாதாரண பேட்டரி இதற்காகச் செய்யப்பட்டது அல்ல. ஆகவே இந்தக் கார்களில் சாதாரண பேட்டரியையே பலப்படுத்திய 'ஈஎஃப்பி' வகையோ, அமிலத்தைக் கண்ணாடி இழை மெத்தையில் ஊறவைத்த 'ஏஜிஎம்' வகையோ வைத்திருப்பார்கள். பேட்டரி மீது ஒட்டிய லேபிளிலேயே அச்சிட்டிருக்கும்.

மாற்றும்போதுதான் சறுக்கல் நடக்கிறது. "அதே சைஸ்ல சாதா பேட்டரி இருக்கு சார், பல ஆயிரம் மிச்சம்." மாட்டலாம், கார் கிளம்பும், கடைக்காரர் சொன்னது சரி என்றே தோன்றும். ஆனால் அந்தப் பேட்டரி சீக்கிரமே சாகும். ஏஜிஎம் இருந்த இடத்தில் ஏஜிஎம். ஈஎஃப்பி இருந்த இடத்தில் ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்தக் கார்களில் ஒரு நன்மையும் உண்டு: பேட்டரி தளர ஆரம்பித்தால், சிக்னலில் இன்ஜின் அணைவது முதலில் நின்றுபோகும். "அப்பாடா, தொல்லை விட்டது" என்று பலர் மகிழ்வார்கள். பேட்டரி தரும் முதல் நோட்டீஸ் அதுதான்.

நெகட்டிவ் டெர்மினலோடு ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன சென்சாரும் இருக்கலாம். உள்ளே போகும், வெளியே வரும் கரண்டை அது எண்ணிக்கொண்டே இருக்கிறது. சார்ஜர் மாட்டும்போது கறுப்புக் கிளிப்பை நேராக நெகட்டிவ் முனையில் போட்டால் அந்தக் கணக்கு தவறிவிடும். பாடியில் உள்ள எர்த் போல்ட்டில் போட வேண்டும். பிஎம்டபிள்யூ போன்ற கார்களில் புது பேட்டரி மாட்டியதை ஸ்கேனர் வைத்துக் கணினிக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால், கிழட்டுப் பேட்டரிக்குக் கொடுத்த சார்ஜையே புதியதற்கும் கொடுத்து அதைக் கெடுக்கும். உங்கள் காருக்கு இது தேவையா என்று கடைக்காரரைக் கேளுங்கள். விழித்தால் வேறு கடை பாருங்கள்.

கடையில் பெட்டி வந்ததும் முதலில் தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள். அலமாரியில் இருக்கும் பேட்டரியும் தேய்கிறது, நம் வெப்பத்தில் இன்னும் வேகமாக. மூன்று மாதத்துக்குள் செய்ததாக இருந்தால் நல்லது. மாட்டுவதற்கு முன் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், 12.5-க்குக் குறைந்தால் சார்ஜ் போட்டுத் தரச் சொல்லுங்கள். 38பி20எல் என்பது போல மேலே எழுதியிருக்கும் குறியில், 20 என்பது சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்து 'எல்'-ஆ 'ஆர்'-ஆ என்பது பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. மாறிப்போனால் கேபிள் எட்டாது, இழுத்துப் பிடித்து மாட்டுவார்கள், அனுமதிக்காதீர்கள். '36+24' என்கிற மாதிரி வாரன்ட்டியில் முதல் எண் வரைக்கும்தான் இலவச மாற்று. பிறகு தள்ளுபடி மட்டும். இதை விற்கும்போது கூட்டி 'அறுபது மாசம்' என்று சொல்வார்கள்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறி பாடியில் பட்ட கணத்தில் நெருப்பு பறக்கும். அடியில் பிடித்திருக்கும் கிளாம்ப்பை மறக்காமல் இறுக்க வேண்டும். குலுங்கும் பேட்டரியின் தகடுகள் உதிரும். மாற்றிய பிறகு கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும், ஒரே தொடலில் ஏறும் ஜன்னல் கண்ணாடி ஏறாமல் போகலாம், ஓரிரண்டு எச்சரிக்கை விளக்குகள் எரிந்து சிறிது தூரம் ஓடியதும் அணையலாம். இவை பழுது அல்ல.

பாதி வழியில் நின்றுவிட்டால் ஜம்ப் கேபிள். இந்த வரிசையைத் தவறவிடாதீர்கள்: சிவப்பு, செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில், கறுப்பு, நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் மறுமுனை செத்த காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். கடைசிக் கிளிப்பில்தான் பொறி பறக்கும். இரண்டும் சந்திக்கக் கூடாது. பேட்டரி வீங்கியிருந்தாலோ அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலோ கேபிளையே எடுக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

மின்சார கார் வாங்கியவர்கள் இதெல்லாம் தங்களுக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். அடியில் அவ்வளவு பெரிய லித்தியம் பேட்டரி இருந்தும், நெக்ஸான் ஈவி போன்ற கார்களில் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. கதவு, கணினிகள், பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சுகள் எல்லாம் அதை நம்பித்தான். அது படுத்துவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் நகராது. 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ் போவது தடைபடக்கூடும் என்று 2024-ல் ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா ஈவி6 கார்கள் இந்தியாவிலும் சோதனைக்குத் திரும்ப அழைக்கப்பட்டன.

கழற்றிய பேட்டரி எங்கே போகிறது?

புதியது மாட்டியதும் பழையதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதன் எடையில் ஏறத்தாழ 60 சதவிகிதம் ஈயம். ஈயத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கித் திரும்பப் பேட்டரி செய்யலாம். முறையான ஆலையில் நடந்தால் இதைவிட நல்ல மறுசுழற்சி குறைவு. முறையற்ற இடங்களில் என்ன நடக்கிறது? பெட்டியைக் கோடாலியால் பிளந்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, திறந்த அடுப்பில் ஈயத்தை உருக்குகிறார்கள். அந்தப் புகையும் தூசியும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் ரத்தத்தில் சேர்கின்றன. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின், அதாவது 80 கோடி வரையிலான குழந்தைகளின் ரத்தத்தில் டெசி லிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருப்பதாக யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020-ல் அறிக்கை வெளியிட்டன. முறையற்ற பேட்டரி உருக்கல் அதற்கு ஒரு பெரிய காரணம். மூளை வளரும் வயதில் புகும் ஈயம் செய்யும் சேதத்தைப் பிற்பாடு எந்த மருந்தாலும் சரிசெய்ய முடிவதில்லை.

2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பேட்டரியைத் தயாரித்து விற்பவர்களே பழையதைச் சேகரித்து முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பப் பொறுப்பு. ஆனால் சங்கிலியின் முதல் கண்ணி நாம்தான். தெருவில் வரும் பழைய இரும்புக்காரர் இருநூறு ரூபாய் கூடத் தருகிறார் என்று அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள். பழைய பேட்டரிக்குக் கழித்த தொகையை பில்லில் தனி வரியாக எழுதித் தரச் சொல்லி, வாரன்ட்டி கார்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.